கினி பிக்குக்கு முடி கொட்டினால், சொறி வந்தால்: மருந்து தடவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வீட்டில் இரண்டு கினி பிக். பெரியதற்கு இரண்டரை வயது, பெண். சின்னதற்கு ஆறு மாதம். அதையும் பெண் என்று சொல்லித்தான் போன மாதம் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். பெரியதற்கு விலாவின் இரண்டு பக்கமும் முடி உதிர்ந்து தோல் தெரிகிறது, ஆனால் சொறிவதே இல்லை. சின்னது ராப்பகலாகச் சொறிகிறது. தோள்பட்டையிலும் முதுகிலும் தோல் தடித்து, மஞ்சளும் வெள்ளையுமாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. முந்தாநாள் சொறிந்துகொண்டே இருந்தது அப்படியே ஒருக்களித்து விழுந்து, கால்களை வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பையனின் முன்கையில் சிவப்புப் புள்ளிகள். கடைக்காரர் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். அப்பத்தா குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொல்கிறார்கள். ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன், ஆட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் இரண்டு சொட்டு வாயில் விட்டால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவரை, இரண்டுக்கும் வந்திருப்பது ஒரே நோய் இல்லை. ஒரே கூண்டில் இருப்பதால் ஒன்றிடமிருந்து மற்றதற்குத் தொற்றிவிட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அறிகுறிகள் வேறு வேறு கதை சொல்கின்றன. சின்னதற்கு அவசரம், இன்றோ நாளையோ மருத்துவரிடம் போயாக வேண்டும். பெரியதற்கு அவசரம் இல்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது.

நான் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். சிவகங்கைச் சீமையில் என் கைக்கு வருவது பெரும்பாலும் ஆடு, மாடு, நாய். இப்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடுகளில் பிள்ளைகள் கினி பிக் வளர்ப்பது கூடிவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் தோல் பிரச்சினைக்காகத்தான் வருகின்றன. வரும்போதே ஏதாவது ஒன்றைத் தடவித்தான் கொண்டுவருகிறார்கள். எண்ணெய் பூசிய தோலில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியாது. அதைவிட, இந்தப் பிராணி தன் உடம்பை ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்யும். முதுகில் பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். குப்பைமேனியில் சயனைடு சார்ந்த பொருள் இருக்கிறது. ஒரு கிலோகூட இல்லாத பிராணி அதை நக்கித் தின்ன விடுவது சரியில்லை. வேப்பெண்ணெயும் அப்படித்தான். புண்ணான தோலில் எரியும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும், தோலுக்குள் குடைந்திருக்கும் பூச்சியை அது எட்டாது.

சரி, முதலில் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். இரண்டு கேள்விகள்தான்: முடி எந்த இடத்தில் கொட்டுகிறது, அந்த இடம் அரிக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

காலையில் முற்றத்தில் வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் வளவில் தரையில் உட்காருங்கள். மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் பிராணியை வையுங்கள். தரையிலேயே உட்காருங்கள், நாற்காலியோ திண்ணையோ வேண்டாம். துள்ளி விழுந்தால் எலும்பு முறியும். முடியை எதிர்த்திசையில் மெதுவாக ஊதி, தோலைப் பாருங்கள். காதுக்குப் பின்னால் சின்னதாக முடியில்லாத இடம் இருக்கும், அது எல்லா கினி பிக்குக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். அப்புறம் மூக்கு, கண்ணைச் சுற்றி, தோள், முதுகு, விலா, பின்புறம், அடிவயிறு, பாதம் என்று வரிசையாகப் பாருங்கள். முடியில் வைக்கோல் நிறத்தில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏதாவது ஓடினால் அது பேன். பின்புற முடிகளில் கறுப்பு மிளகுத்தூள் தூவியது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால், முடியைப் பிடித்து வாழும் கைரோடிஸ்காய்டிஸ் என்ற சிற்றுண்ணியாக இருக்கலாம். இந்த இரண்டும் கொஞ்சமாக இருந்தால் பெரிய தொந்தரவு தராது. பேன் மனிதருக்கு ஒட்டாது. முடி போன இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். குட்டையாக, குத்துகிற மாதிரி முடி நின்றால் அது உதிரவில்லை, யாரோ கடித்திருக்கிறார்கள்: கூண்டில் இருக்கும் இன்னொன்றோ, அதுவேயோ. மெல்லுவதற்குப் புல் போதாமலும், இடம் நெருக்கடியாகவும் இருந்தால் அப்படிக் கடிக்கும். அதற்கு மருந்தே வேண்டாம், நிறையப் புல்லும் பெரிய இடமும் போதும்.

இப்போது உங்கள் சின்னதுக்கு வருகிறேன்.

ஓயாத அரிப்பு, தோளிலும் முதுகிலும் தடித்த தோல், பொருக்கு, சொறியும்போதே வலிப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் என் மனதில் முதலில் வருவது டிரிக்ஸகாரஸ் கேவியே என்ற சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. மனிதருக்குச் சிரங்கு உண்டாக்கும் பூச்சியின் குடும்பம்தான். தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளேயே முட்டையிடும். அரிப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்றால், அந்த வேதனை தாங்காமலே கினி பிக் வலிப்பு வந்து விழும். பார்த்தவர்கள் காக்காய் வலிப்பு என்றோ, விஷம் தின்றுவிட்டது என்றோ நினைத்துப் பதறுவார்கள். சொறி சரியானால் வலிப்பும் தானாக நின்றுவிடும். ஆனால் சொறியை விட்டுவிட்டால், தின்பதை நிறுத்தி, இளைத்து, புண்ணில் சீழ் வைத்து இறந்துபோகும். மருந்து கொடுத்தால் நிச்சயம் பிழைக்கக்கூடிய ஒன்று இப்படி இறப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

வலிப்பு வரும்போது கையில் தூக்காதீர்கள், வாயில் தண்ணீர் விடாதீர்கள், சாவி எதையும் கொடுக்க வேண்டாம். தொடுவதே அரிப்பைத் தூண்டும். சுற்றிலும் துணியை மடித்து வைத்து, விளக்கை அணைத்து, சத்தம் இல்லாமல் விடுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோகும் வரை சீவுவதும் குளிப்பாட்டுவதும் வேண்டாம்.

இந்தப் பூச்சி புதிதாக வந்த பிராணியோடு வருவதுதான் வழக்கம். கடையில் ஒரே பெட்டியில் இருபது முப்பதை அடைத்து வைத்திருப்பார்கள். வந்த புதிதில் ஒன்றும் தெரியாது. இடம் மாறிய பயம், தீனி மாற்றம், உடம்பில் வைட்டமின் சி குறைவு எல்லாம் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி குறையும்போது பூச்சி பெருகி வெளியே தெரியும். போன மாதம் வாங்கியது, இப்போது காட்டுகிறது என்பது இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மருத்துவர் தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டி, ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பூச்சியோ முட்டையோ தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. குடைந்து உள்ளே இருப்பது ஒவ்வொரு சுரண்டலிலும் சிக்காது. அறிகுறி பொருந்தினால் சிகிச்சையைத் தொடங்குவதுதான் சரி.

மருந்து ஐவர்மெக்டின். ஆமாம், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லும் அதே மருந்துதான். அவர் சொன்ன மருந்து தவறில்லை, அளவுதான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். கினி பிக்குக்கு ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறோம். உங்கள் சின்னது 600 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 0.24 மில்லிகிராம். ஆட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் இதற்குத் தேவை 0.024 மில்லி. நாற்பது யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரே ஒரு கோடு, அதுகூட முழுசாக இல்லை. ஒரு சொட்டு என்பதே சுமார் 0.05 மில்லி, அதாவது இரண்டு மடங்கு. இரண்டு சொட்டு விட்டால் நான்கு மடங்கு. கடையில் கிடைக்கும் மருந்துகளில் மூன்று மடங்கு அடர்த்தியானதும் இருக்கிறது, வேறு மருந்து சேர்த்ததும் இருக்கிறது. பாட்டில் ஒன்றுபோலவே இருக்கும். நாங்கள் இதை வேறு திரவத்தில் கலந்து நீர்க்கச் செய்து, தராசில் எடை பார்த்துத்தான் போடுவோம். வாய் வழியாகக் கொடுத்தால் உடம்பில் சேர்வதும் சீராக இருப்பதில்லை.

ஒரு ஊசியோடு முடியாது. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போட வேண்டும். முதல் ஊசிக்குப் பின் அரிப்பு குறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. மாதம் திரும்புவதற்குள் மறுபடி வந்து நிற்பார்கள். பிடரியில் சொட்டாக விடும் செலமெக்டின் என்ற மருந்தும் நன்றாக வேலை செய்கிறது, கிடைத்தால் மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தையோ, மாட்டைக் குளிப்பாட்டத் தண்ணீரில் கலக்கும் மருந்தையோ மட்டும் தொடாதீர்கள். அதில் குளித்து நடுங்கிச் செத்துப்போன கினி பிக்குகளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

பெரியது சொறியாவிட்டாலும் அதற்கும் அதே நாளில் பூச்சி மருந்து போட வேண்டும். ஒரே கூண்டில் இருந்தது, தோலில் பூச்சி இருந்தும் இன்னும் காட்டாமல் இருக்கலாம். விரிப்புத் துணிகளை எல்லாம் கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் இதற்காவது உதவட்டும். மரப்பெட்டி, அட்டைப்பெட்டி இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், இடுக்கு அதிகம். தரையைப் பினாயில் போட்டுக் கழுவி, அதன்மேல் கினி பிக்கை விடாதீர்கள். பினாயில் பிராணியின் பாதத்தையும் மூச்சையும் பொசுக்கும். சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் வெயில், போதும்.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்திருந்தால் மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுப்பார். இங்கே ஒரு விஷயத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கச் சொல்வேன். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், செபலெக்ஸின், கிளிண்டாமைசின் இவை கினி பிக்குக்கு வாய்வழியாகக் கூடவே கூடாது. அதன் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகி, சில நாளில் கழிச்சல் கண்டு இறந்துவிடும். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தபோது மிச்சமான பிங்க் நிற மருந்தை ஒரு சொட்டு கொடுத்தேன் என்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான வீட்டு அலமாரிகளில் அமாக்ஸிசிலின்தான் இருக்கும். கினி பிக்கையே பார்த்துப் பழகாத மருத்துவராக இருந்தால், இதை மரியாதையாக நினைவுபடுத்துவதில் தப்பே இல்லை. என்ரோஃப்ளாக்ஸசின், டிரைமெதோப்ரிம் சல்ஃபா இரண்டும் பொதுவாக இதற்கு ஒத்துவருபவை.

இனி பையனின் கை. பூச்சிதான் காரணம் என்றால், அது மனித உடம்பில் குடித்தனம் நடத்தாது. கடிக்கும், அரிக்கும், சிவப்பாகப் புள்ளி வரும். பிராணிக்கு மருந்து போட்டதும் கொஞ்ச நாளில் மறைந்துவிடும். ஆனால் புள்ளி வட்டமாகப் பரவி, ஓரம் மேடாக, செதிலாக, நடுவில் தெளிந்துகொண்டே போனால் அது படர்தாமரை. அப்படி இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படர்தாமரையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் சொறிப்பூச்சிக்கு அடுத்து நான் அதிகம் பார்ப்பது இதுதான், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில். டிரைக்கோஃபைட்டன் மென்டக்ரோஃபைட்டிஸ் என்ற பூஞ்சைதான் பெரும்பாலும் காரணம். மூக்கு மேல், கண்ணைச் சுற்றி, காதில் தொடங்கும். முகத்தில் முடி போய், வெளுத்த செதில். அரிப்பு கொஞ்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குட்டிகளுக்கும் நெருக்கமாக அடைத்தவற்றுக்கும் சீக்கிரம் வரும். நீல விளக்கில் பூஞ்சை ஒளிரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த வகை பெரும்பாலும் ஒளிராது, அதனால் விளக்கில் தெரியவில்லை என்று விடக் கூடாது. முடியைப் பிடுங்கி, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவதுதான் உறுதியான வழி. சிகிச்சைக்கு மைக்கனசோல், டெர்பினாஃபின் போன்றவற்றைத் தடவுவதும், பரவலாக இருந்தால் இட்ராகோனசோல் உள்ளே கொடுப்பதும் உண்டு, வாரக்கணக்கில் பிடிக்கும்.

மருந்துக் கடையில் "படர்தாமரைக்குக் குடுங்க" என்று கேட்டால் கைக்கு வரும் டியூபில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இரண்டே நாளில் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பெருகிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் மனிதர்களிடமே படர்தாமரை தீராத நோயாக மாறியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம். அதைப் பையனுக்கும் போடாதீர்கள், கினி பிக்குக்கும் போடாதீர்கள். டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரே ஒரு மருந்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும்.

சரி, பெரியது. இரண்டரை வயதுப் பெண், விலாவின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே அளவுக்கு முடி போகிறது, தோல் வழவழப்பாக, செதில் இல்லாமல், சொறியாமல். இது தோலின் நோயே இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை இரண்டு வயது தாண்டிய பெண் கினி பிக்குகளில் இது மிகச் சாதாரணம். கட்டி சுரக்கும் ஹார்மோனால் முடி மெலிந்து விழும். முலைக்காம்பு தடித்து, பொருக்குத் தட்டியிருக்கிறதா பாருங்கள். வயிறு இரு பக்கமும் உப்பலாக இருக்கலாம், குணம் கொஞ்சம் மாறி மற்றதன்மேல் ஏறவும் செய்யலாம். நீங்கள் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், கட்டி உடைந்துவிடும். ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

நிரந்தரத் தீர்வு ஆபரேஷன், சினைப்பையும் கருப்பையும் எடுப்பது. ஹார்மோன் ஊசி போட்டுக் கொஞ்ச காலம் சமாளிக்கலாம், ஊசியால் நீரை உறிஞ்சியும் எடுக்கலாம். இரண்டும் தற்காலிகம்தான், திரும்ப வரும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வேலை என்பதால் சின்னப் பிராணிகளில் கைப்பழக்கம் உள்ள இடத்துக்குத்தான் போகச் சொல்வேன். நமக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியிலும், சென்னை வேப்பேரியிலும் உண்டு. ஒன்று நினைவில் வையுங்கள்: நாயைப் போல இதை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகக் கூடாது. கினி பிக்கின் வயிறு நின்றால் உயிருக்கே ஆபத்து. இதற்கு வாந்தி வராது, பட்டினிக்குத் தேவையும் இல்லை.

பயணம் என்றால் விடியற்காலையில் கிளம்புங்கள். 28, 30 டிகிரி தாண்டினாலே இவற்றுக்குச் சூடு தாங்காது; நம் ஊரில் சித்திரை வைகாசியில் 38, 40 போகும். தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடையின் ஒரு ஓரத்தில் வையுங்கள். வழியில் கடிக்க ஒரு வெள்ளரித் துண்டு.

இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியது தீனி. மனிதரைப் போலவே கினி பிக்கின் உடம்பால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நோயிலும் கர்ப்பத்திலும் இன்னும் கூட. இரண்டு மூன்று வாரம் கிடைக்காவிட்டாலே முடி சொரசொரப்பாகும், மூட்டு வலித்து நகராது, ஈறில் ரத்தம் கசியும், புண் ஆறாது. சொறிக்கு எவ்வளவு மருந்து போட்டாலும் இது குறைந்தால் தோல் தேறாது. கடையில் மூட்டையைப் பிரித்து எடைபோட்டுக் கொடுக்கும் தீவனத்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் முயல் தீவனம், அதில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. கினி பிக்குக்கென்றே செய்ததிலும் நாள்பட, வெயில்பட அது குறைந்துகொண்டே போகும். தண்ணீரில் கலப்பதும் வீண், சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.

நமக்கு அதற்கெல்லாம் தேவையே இல்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கட்டைவிரல் அளவு ஒரு துண்டு, பத்து கிராம், ஒரு நாளைக்குப் போதும். பெரிய நெல்லியில் ஒரு கீற்று. குடைமிளகாய் இன்னும் நல்லது, சர்க்கரை குறைவு. கொத்தமல்லித் தழையை விரும்பித் தின்னும். முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் சத்து அதிகம்தான், ஆனால் சுண்ணாம்பும் அதிகம். தினமும் கொடுத்தால் சிறுநீரில் கல் வரும். வாரத்தில் ஒரு நாள் ஒரு கொத்து போதும்.

தின்பதில் பெரும்பங்கு புல்லாகத்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டு டிமோத்தி புல்லை விலைகொடுத்து வரவழைக்கிறார்கள், வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அறுகம்புல்லே அருமையான தீனி. மருந்து அடிக்காத, நாய் அசுத்தம் செய்யாத இடத்தில் அறுத்து, கழுவி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லைப் போடும் விவசாயி தெரிந்தவராக இருந்தால் இளம் தழையாக வாங்கிக்கொள்ளலாம். வைக்கோலை மட்டும் தீனியாக நினைக்காதீர்கள். சத்தில்லை, தூசி, நுனி குத்தி உதட்டிலும் கண்ணிலும் புண் வரும்.

இடத்தையும் கவனியுங்கள். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கிறது என்று மரத்தூளை விரிப்பவர்கள் உண்டு. அந்தத் தூசி தோலையும் மூச்சையும் கெடுக்கும். பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு தினம் மாற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கோடையில் இவற்றுக்கு நல்ல குளிர்ச்சி, வயிறு பட நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஆனால் பாதம் மென்மை. நாள் முழுக்கக் கடினத் தரையிலோ கம்பி வலையிலோ நின்றால் உள்ளங்கால் சிவந்து, புண்ணாகி, எலும்பு வரை போகும். பாதி இடத்தில் துணி, பாதி வெறுந்தரை என்று விட்டுப் பாருங்கள், அதுவே தேர்ந்துகொள்ளும். அடுப்புப் புகையும் ஈரமும் உள்ள மூன்றாம் கட்டு வேண்டாம். வளவில் காற்றோட்டமான மூலை, மழைச் சாரல் அடிக்காத இடம், அதுதான் சரி.

வாரத்துக்கு ஒரு தடவை சமையல் தராசில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனிக்கணும், 100 குறைந்தால் அன்றே மருத்துவர். இதன் நோயை வெளியே காட்டாத சுபாவத்துக்குத் தராசு ஒன்றுதான் துப்பு. ஊசி போட்டபின் சில நாளில் அரிப்பு அடங்கத் தொடங்கும், முடி முழுதாக முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முளைக்கிறதா என்று தினமும் தூக்கிப் பார்த்துத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். பொருக்கைப் பிய்க்கவும் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். படுக்கையில் கொண்டுபோய் வைத்துக்கொள்வது இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று, மருத்துவரிடம் போனதும் முதலில் இதைக் கேளுங்கள்: சின்னது உண்மையிலேயே பெண்தானா? கடையில் இதைப் பார்த்துச் சொல்வதில் நிறையத் தவறு நடக்கிறது. ஆறு மாத ஆணாக இருந்தால் விதை இரு பக்கமும் புடைத்துத் தெரியும், மருத்துவருக்கு ஒரு நிமிட வேலை. ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெண் கினி பிக்கின் இடுப்பெலும்பு, முதல் குட்டி ஈனாமல் ஏழெட்டு மாதம் தாண்டிவிட்டால், விரிந்து கொடுக்காமல் இறுகிவிடும். அதற்குப் பிறகு முதன்முதலாகச் சினை பிடித்தால் குட்டி வெளியே வராமல் தாயும் சாகலாம். உங்கள் பெரியதற்கு இரண்டரை வயது. இதற்கு முன் குட்டி போட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. சினைக்காலம் 59 முதல் 72 நாள், இருவரும் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கடைசிக் கட்டச் சினையிலும் விலாவில் முடி கொட்டும் என்றாலும், ஒரு மாதத்தில் அது இவ்வளவு தெரிய வாய்ப்புக் குறைவு. ஆனால் ஸ்கேன் பார்க்கும்போது கட்டியா குட்டியா என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள், பூச்சி ஊசி போடுவதற்கு முன்பாகவே. சின்னது ஆண் என்று தெரிந்தால் அன்றைக்கே தனிக் கூண்டு.